தொலையவில்லை, திருடினார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசுப் பேருந்தில் 31 வருடம் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெரியார் நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம் போகும் டவுன் பஸ்ஸில்தான் பாதி சர்வீஸ் கழிந்தது. முகூர்த்த நாள் என்றால் ‘டிக்கெட், டிக்கெட்’ என்று கேட்டதைவிட ‘நகையைப் பார்த்துக்கம்மா, பர்ஸைப் பார்த்துக்க சார்’ என்று கத்தியதுதான் அதிகம். அப்படிப்பட்ட எனக்கே போன மாதம் மாட்டுத்தாவணியில் செல்போன் போய்விட்டது. வெளியே சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மேலூர் பஸ்ஸில் ஏறினேன். எனக்கு முன்னால் ஏறிய பையன் மேல்படியில் சில்லறையைக் கொட்டிவிட்டு, குனிந்து ஒவ்வொரு காசாகப் பொறுக்கினான். பின்னாலிருந்து ‘ஏறுங்க, ஏறுங்க’ என்று நெருக்கினார்கள். பக்கத்தில் ஒருவன் கட்டைப்பையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தான். கூட்டத்தில் பையை அப்படித் தூக்கிப் பிடிப்பவன் மேல் ஒரு கண் வை என்று புதிதாக வந்த நடத்துநர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பைக்கு அடியில்தான் கை வேலை செய்யும். சீட்டில் உட்கார்ந்து சட்டைப்பையைத் தொட்டால் கண்ணாடிக்கூடு இருக்கிறது, போன் இல்லை. சில்லறை பொறுக்கியவனும் இறங்கிவிட்டான்.

சரி என்று காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் தன்மையானவர், உட்காரச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தார். அப்புறம் சொன்னார்: “திருட்டுன்னு எழுதினா எஃப்.ஐ.ஆர். போடணும் ஐயா. இந்த வயசுல நீங்க கோர்ட்டுக்கு அலையணும். கூட்டத்துல தவறவிட்டுட்டேன்னு எழுதிக் கொடுங்க, சி.எஸ்.ஆர். ரசீது உடனே தர்றேன்.” அலுப்பில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. போன் போனதைவிட, பொய் எழுதிக் கொடுத்ததுதான் உறுத்தியது.

நாங்கள் கணக்கில் வாழ்ந்தவர்கள். ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் இன்வாய்ஸ் எழுதுவோம். ஒரு டிக்கெட் குறைந்தாலும் செக்கிங் இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்பார். அந்தக் கணக்கை வைத்துத்தான் எந்த நேரத்தில் எந்த ரூட்டில் கூடுதல் வண்டி விடுவது என்று டிப்போவில் முடிவு செய்வார்கள். ஒரு பேருந்து நிலையத்தில் மாதம் 40 போன் திருடுபோய், 40 பேரும் ‘தவறவிட்டேன்’ என்று எழுதிக் கொடுத்தால், ஏட்டில் அங்கே திருட்டே கிடையாது. திருட்டே இல்லாத இடத்துக்கு மஃப்டி போலீஸை எதற்கு அனுப்பப் போகிறார்கள்?

வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் பற்றிப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆகவேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் போன் விலை 12,500 ரூபாய், ஆகவே இது அந்த வகைதான். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு அந்த வகையில் வராது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. எங்கள் தெருவில் பூக்கட்டும் அம்மாவின் பழைய போன் 2,000 பெறாது. யார் யார் பூவுக்குப் பாக்கி என்ற கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. அவரது இழப்பு என்னுடையதைவிடச் சின்னது என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டேஷனுக்குப் போனால் ஒன்றும் நடக்காது என்ற நினைப்பில்தான் ஜனங்கள் கையை ஓங்குகிறார்கள். ஒருமுறை பழங்காநத்தம் தாண்டும்போது ஒரு அம்மா ‘ஐயோ, என் பர்ஸ்’ என்று அலறினார். பக்கத்தில் நின்ற அழுக்குச் சட்டைப் பையனைப் பிடித்து நாலு பேர் அடித்துவிட்டார்கள், உதடு கிழிந்து ரத்தம். நான் இடையில் புகுந்து அந்த அம்மாவின் கூடையைக் கீழே கவிழ்த்தேன். கறிவேப்பிலைக் கட்டுக்கு அடியில் பர்ஸ் கிடந்தது. அடித்தவர்கள் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டார்கள். பையன் டிக்கெட்டைக் கையில் பிடித்தபடியே நின்றான். அதற்குப் பிறகு யார் அலறினாலும் டிரைவருக்கு நீள விசில்தான். வண்டி வேறெங்கும் நிற்காமல் நேராக ஸ்டேஷன் வாசலுக்குப் போகும். அந்த வாசலைப் பார்த்ததுமே, தொலைந்த சங்கிலி பல தடவை தானாக சீட்டுக்கு அடியில் முளைத்திருக்கிறது!

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. பேருந்து நிலையப் புறக்காவல் மையத்திலேயே புகார் வாங்கட்டும். எந்த பிளாட்பாரம், எத்தனை மணி, எந்த ஊர் வண்டி என்று எழுதட்டும். ‘திருட்டு’ என்று சொல்பவரை ‘தவறவிட்டேன்’ என்று எழுத வைக்க வேண்டாம். ஒரு மாத ஏட்டைப் புரட்டினாலே எங்கே ஆள் நிறுத்த வேண்டும் என்று தெரிந்துவிடும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. போனில் *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க அடையாள எண்ணை (ஐ.எம்.இ.ஐ.) இன்றே ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். போன் போனால் அதே நம்பரில் புது சிம் வாங்கி, சி.எஸ்.ஆர். நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பதிந்தால் அந்த போனை முடக்கிவிடுவார்கள். புது சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது, ஓ.டி.பி.யும் வராது. அதுவரை தளத்தில் பதிய முடியாது. அதனால் வங்கிக்கு முதலில் சொல்லிவிடுங்கள்.

என் மகள் எனக்காகப் பதிந்தாள். போன் முடக்கப்பட்டுவிட்டதாக நேற்று தகவல் வந்தது. நாளை மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போகிறேன், ‘தவறவிட்டேன்’ என்பதை அடித்துவிட்டு ‘திருடப்பட்டது’ என்று மாற்றி எழுதித் தர.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
மதுரை.