துருப்பிடிச்ச போல்ட்ட கழட்டுறதுக்கும் பயலுவளுக்கு சொல்லிக் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம் லேத் பட்டறை வச்சிருக்கேன். கொளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம்னு கடக்கரை ஊருகள்ல உள்ள ஒர்க்‌ஷாப்புல இருந்து தலை ஒடஞ்ச போல்ட்டோட கிராங்க் கேஸு, பின் சக்கரத்த தாங்குத ஸ்விங் ஆர்மு, போட் என்ஜின் ஹெட்டுன்னு எங்ககிட்ட வந்துகிட்டே இருக்கு. கொண்டு வாறது முக்கால்வாசியும் புதுசா வேலைக்கு சேந்த பயலுவதான். அவனுவளுக்கு வேலை தெரியாதுன்னு நான் சொல்லல, கார்புரேட்டர பிரிச்சு கோக்க தெரியும், வயரிங் பாக்க தெரியும், ஆனா இறுகிப் போன போல்ட்ட எப்படி கழட்டணும்னு மட்டும் யாரும் ஒக்காத்தி வச்சு சொல்லிக் குடுத்ததில்ல.

நம்ம மாவட்டத்துல இது ரொம்ப அவசியம். கடக்காத்துல உப்பு, தென்மேற்கு வடகிழக்குன்னு ரெண்டு மழை, போதாததுக்கு பின்னால மீன் பெட்டி கட்டி ஓடுத வண்டிகள். அந்தப் பெட்டியில இருந்து ஐஸ் கரைஞ்ச உப்புத் தண்ணி சொட்டு சொட்டா நேரா ஷாக் அப்சார்பர் போல்ட்டுலயும் செயின் அட்ஜஸ்டர்லயும் ஸ்விங் ஆர்ம் ஆக்ஸில்லயும்தான் விழும். இரும்பு துருவானா முன்ன இருந்தத விட கூடுதல் இடம் பிடிக்கும், அதனாலதான் நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவுல உள்ள இடைவெளி அடைஞ்சு இறுகிப் போவுது. அலுமினிய கேஸிங்ல இரும்பு ஸ்க்ரூன்னா இன்னும் மோசம், உப்புத் தண்ணி பட்டா அது ரெண்டும் சேந்து ஒரு பேட்டரி மாதிரி ஆயி அலுமினியம் அரிச்சு வெள்ளைப் பொடியா மரைக்குள்ள, அதாவது ஸ்க்ரூ புரிக்குள்ள, அடைச்சுக்கிடும்.

இதுல மொத தப்பு நீளமான பைப்ப ஸ்பேனர்ல சொருகி ஒரே இழுப்பா இழுக்குறது. 6 மி.மீ. போல்ட்டு எவ்வளவு தாங்கும்? முறிஞ்சுதான் போவும். மொதல்ல வயர் பிரஷ் போட்டு வெளிய தெரியுற மரைய சுத்தம் பண்ணணும், துருக்குள்ள எறங்குற பெனட்ரேட்டிங் ஆயில விட்டுட்டு விட்டுறணும், முடிஞ்சா ராத்திரி முழுக்க. டபிள்யூ டி 40 அடிச்சாச்சே அண்ணன்னு சொல்லுவானுவ, அது 1953-ல தண்ணிய விலக்கி துரு பிடிக்காம காக்குறதுக்கு உண்டாக்குனது, லேசான துருவுக்கு போதும், கெட்டியா இறுகுனதுக்கு அத மட்டும் நம்பக் கூடாது. அப்புறம் போல்ட்டு தலையில சுத்தியல வச்சு நேரா நாலஞ்சு தட்டு தட்டணும், துரு உள்ள விரிசல் விட்டு எண்ணெய் எறங்கும். பொறவு கழட்டுத பக்கம் திருப்புறதுக்கு முன்னாடி கொஞ்சம் முறுக்குத பக்கம் அசைச்சுப் பாக்கணும், அசைஞ்சா அங்கயும் இங்கயுமா கால் திருப்பு கால் திருப்பா எண்ணெய் விட்டு விட்டு வரணும். எதிர்ப் பக்கம் திருப்பி கழட்டுத இடது மரையான்னும் பாத்துக்கிடணும், சைக்கிளோட இடது பெடல் அப்படித்தான்.

சூடு காட்டுறது பெரிய உபாயம். அலுமினியம் இரும்ப விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், அதனால போல்ட்ட விட்டுட்டு சுத்தி உள்ள கேஸிங்க சூடாக்குனா மரை விட்டுக் குடுக்கும். டிஸ்க் பிரேக் போல்ட்டுல தானா கழண்டுராம இருக்க மரைப் பசை போட்டிருப்பாங்க, அதுக்கு எண்ணெய் வேலைக்கே ஆவாது, சூடுதான். ஆனா பெட்ரோல் டேங்க கழட்டி தூர வைக்காம, எண்ணெய நல்லா தொடைக்காம டார்ச்ச பத்த வைக்கக் கூடாது. ஷாக் அப்சார்பர் பாடிய சூடாக்கவே கூடாது, உள்ள எண்ணெயும் கேஸும் அடைச்சு வச்சிருக்கு, வெடிச்சா ஆள் போயிருவான். ஜிங்க் பூசுன போட் சாமான சூடாக்குனா வாற புகைய மூச்சுல இழுத்தா காய்ச்சல் வரும். கண்ணாடி போடாம சுத்தியல் வேலை செய்யுத பயலுவள பாத்தா எனக்கு வயித்த கலக்குது, கண்ணுல துருத்துகள் தெறிச்சா யாரு பதில் சொல்லுறது.

டூல்ஸ் விஷயம். ஆயுத பூஜை சமயத்துல நூறு சாமான் உள்ள பெட்டிய குறைஞ்ச விலைக்கு வாங்கி பிள்ளைக்கு குடுக்குத அப்பாமாருக்கு சொல்லுதேன், அந்த காசுக்கு 8, 10, 12, 13, 14, 17 நம்பர்ல நல்ல ரிங் ஸ்பேனரும் சாக்கெட்டும் வாங்கிக் குடுங்க. அந்த ஆறும் இருந்தா பைக்குல பெரும்பாலான வேலை முடிஞ்சிரும். 8 மி.மீ. போல்ட்டுக்கு பொதுவா தலை 13, ஜப்பான் டிசைன் வண்டின்னா 12, அதான் ரெண்டும் வேணும். சாக்கெட் ஆறு முனை உள்ளதா பாத்து எடுங்க, பன்னெண்டு முனை சாக்கெட் மூலைய மட்டும்தான் புடிக்கும், துரு தின்ன தலைய உருட்டி விட்டுரும். அரை இஞ்சு ஸ்பேனர்னா 12.7 மி.மீ., அத 12-ல போட்டா ஆடும், ஆடுன ஸ்பேனர்தான் தலைய கெடுக்கும்.

ஸ்டார் திருப்புளியிலயும் இதே கதைதான். முன் பிரேக் ஆயில் டப்பா மூடியில ரெண்டு சின்ன ஸ்க்ரூ இருக்குமே, எத்தனை வண்டியில அது வழுக்கிப் போய் கெடக்கு. ஜப்பான் வண்டியில அது ஜேஐஎஸ்னு சொல்லுத ஜப்பான் அளவு ஸ்டார், நம்ம கடையில கிடைக்குத சாதா பிலிப்ஸ் திருப்புளி அதுல முழுசா எறங்காது, திருப்புனா மேல ஏறிக்கிட்டு வரும். ஜேஐஎஸ் திருப்புளிய உள்ள வச்சு சுத்தியல்ல லேசா ரெண்டு தட்டு, அப்புறம் திருப்புறத விட அமுக்குறதுல பலத்த போட்டா சத்தமில்லாம கழண்டு வரும். கூடவே அடிச்சா திரும்புத இம்பாக்ட் டிரைவர் ஒண்ணு வாங்கி வைக்கணும், மலிவான விலைதான், பிரேக் மூடி மாதிரி மெல்லிசான எடத்துல மட்டும் அத எடுக்கக் கூடாது.

அப்படியும் முறிஞ்சா, தயவுசெஞ்சு முறிஞ்ச போல்ட்டுல ஓட்டை போட்டு உள்ள சொருகி திருப்பி எடுக்குத ஈஸி அவுட்ட போட்டு வலுவா திருக்காதீங்க. அது ரொம்ப கடினமான ஸ்டீல், உள்ள ஒடஞ்சா சாதா டிரில் பிட்டு அதுல ஏறாது, அதுக்கப்புறம் எங்ககிட்ட வந்தா செலவும் ஜாஸ்தி, சில சமயம் கேஸிங்கே போவும். முறிஞ்ச முனை கொஞ்சம் வெளிய நிக்கும்போதே கொண்டு வந்தா ஒரு நட்ட மேல வச்சு வெல்டு பண்ணுவோம், அந்த சூட்டுலயே பாதி விட்டுரும். நட்டுதான் பிடிச்சிருக்குன்னா நட்ட வெட்டிப் போடுங்க, சில்லறை காசு நட்டுக்காக ஆக்ஸில கெடுக்காதீங்க. திரும்ப மாட்டும்போது மரையில இறுகாம காக்குத ஆன்டி சீஸ் பசையோ கிரீஸோ கொஞ்சம் தடவிட்டு மாட்டுங்க, அடுத்து கழட்டுதவன் உங்கள வாழ்த்துவான்.

ஐடிஐயிலயும் மத்த பயிற்சி இடங்கள்லயும் புது என்ஜின வச்சு மட்டும் பழக்காம, துறைமுகத்துல ஆக்ரில கெடக்குத பழைய போட் என்ஜின எடுத்துட்டு வந்து பயலுவ கையில குடுத்து கழட்டச் சொல்லணும். உங்க பேப்பர்லயும் வாரம் ஒருக்க சின்ன எடம் ஒதுக்கி இந்த மாதிரி கைவேலை விஷயத்த போட்டா எங்க பக்கத்து பட்டறைக்காரங்க எழுதித் தர தயாரா இருக்கோம்.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர்,
தக்கலை