இடம் கொடுத்தாயிற்றாமே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாக ஜனநாயகம் கண்ட நாடுகளில் பெண்களின் நிலை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆர்வத்தில். இரண்டாம் முறை, அந்த ஒரு வரி நிஜமாகவே அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க. "பெண்களுக்கு இடம் கொடுத்தாயிற்று, இனி தகுதியை வளர்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு."

கொடுத்தாயிற்றாம். பேருந்தில் எழுந்து இடம் விட்டவர், இறங்கும் வரை அதையே சொல்லிக் காட்டுவாரே, அந்தத் தோரணை.

வட ஆப்பிரிக்க நாடான துனிசியாவுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள், நன்றி. 2012-ல் அங்கே எழுதிய அரசியல் சாசன வரைவில், பெண் என்பவள் ஆணை நிறைவு செய்பவள் என்ற பொருளில் ஒரு சொல் நுழைந்தது. தனி ஆளாக அல்ல, ஆணுக்குத் துணை உறுப்பாக. அந்த ஆகஸ்ட் 13-ம் தேதி, அவர்களுடைய மகளிர் தினத்தன்று, துனிஸ் நகரத் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் இறங்கிய பிறகே அந்தச் சொல் போனது. 2014 சாசனத்தில் ஆணும் பெண்ணும் சம உரிமை உள்ளவர்கள் என்றே எழுதினார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் 'கொடுத்தாயிற்று' என்று அச்சாகிறதே, அதுதான் உறுத்துகிறது.

தகுதிக்கு வருவோம். 2011 தேர்தலில் அங்கே கட்சிகள் கொடுக்கும் வேட்பாளர் பட்டியலில் ஆண், பெண், ஆண், பெண் என்று மாற்றி மாற்றிப் பெயர் வர வேண்டும் என்று விதி வைத்தார்கள். நல்ல விதிதான். ஆனால் முதல் பெயர் யாருடையது என்று விதி சொல்லவில்லை. இடம் கிடைப்பதோ பட்டியலின் மேலிருந்து வரிசையாக. பெரும்பாலான பட்டியல்களின் தலையில் ஆண். பல பட்டியல்களுக்குக் கிடைத்ததோ ஒரே ஓர் இடம். உள்ளே போனவர் யார் என்று சொல்ல வேண்டுமா? அவைக்குத் தேர்வான 217 பேரில் பெண்கள் 49. அடுத்து 2014-ல் 31 விழுக்காடு வரை ஏறியது. 2022-ல் பட்டியல் முறையையே எடுத்துவிட்டுத் தனித்தனி வேட்பாளர் என்று மாற்றினார்கள். மாற்றி மாற்றிப் பெயர் போடும் விதியும் அதோடு போயிற்று. விளைவு, சுமார் 16 விழுக்காடு. எட்டு ஆண்டுகளில் துனிசியப் பெண்களின் தகுதி பாதியாகக் கரைந்துவிட்டதா, அல்லது விதி மாறியதா? உங்கள் கட்டுரையாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். அதே 2022 விதிப்படி, வேட்பாளராக நிற்க 400 வாக்காளர்களின் ஆதரவுக் கையெழுத்து வேண்டும். அதில் பாதி பெண்களுடையதாக இருக்க வேண்டும். அதாவது வேட்பாளராகப் பெண் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கையெழுத்துப் போடப் பெண் வேண்டும்!

அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. காரணம் இருக்கிறது. நான் வேலை பார்த்த இடத்து ஊழியர் சங்கத்தில் ஆறு ஆண்டுகள் துணைத் தலைவராக இருந்தேன். போட்டியில் வென்று வந்த பதவிதான். செயற்குழு எப்போது கூடும், எங்கே கூடும் என்று எனக்குக் கடைசியாகத்தான் தெரியும். பல முறை கூடி முடிந்த பிறகு தெரியும். மறுநாள் தீர்மானப் புத்தகம் என் மேசைக்கு வரும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கும். நான் படித்து நேரத்தை வீணாக்கக் கூடாது என்ற கரிசனம். ஒரு முறை உட்கார்ந்து முழுவதும் படித்தேன். நான் வராத கூட்டத்தில், நான் பேசாத ஒன்றை, நானே வழிமொழிந்ததாக எழுதியிருந்தது. கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினேன். "மேடம் கொஞ்சம் பயிற்சி எடுத்துக்கொண்டால் நல்லது" என்றார் செயலாளர். தகுதி என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அன்றைக்குத்தான். ஆண்டுக் கணக்கைக் கூட்டத் தெரியாத பொருளாளரிடம் யாரும் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அதனால் நேபாளம் பற்றி நீங்கள் போட்டிருந்த வண்ண வரைபடம் என்னை மயக்கவில்லை. 2017 உள்ளாட்சித் தேர்தலில் தலைவர், துணைத் தலைவர் இரண்டுக்கும் ஆள் நிறுத்தும் கட்சி, அதில் ஒருவரைப் பெண்ணாக நிறுத்த வேண்டும் என்று சட்டம் சொன்னது. எந்தப் பதவிக்குப் பெண் என்று கட்சிகளுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியிருக்கவில்லை. 753 உள்ளாட்சிகளில் பெண் தலைவர்கள் 18 பேர். பெண் துணைத் தலைவர்கள் சுமார் 700 பேர். அங்கே வழக்குகளைத் தீர்க்கும் நீதிக் குழுவுக்குத் துணைத் தலைவர்தான் தலைமை. வீட்டு வன்முறை முதல் வரப்புத் தகராறு வரை கேட்டு முடிவு சொல்லத் தகுதி உண்டு, தலைவராகத்தான் தகுதி இல்லை போலிருக்கிறது! 2022-ல் கட்சிகள் கூட்டணி வைத்தன. ஒரு கட்சி தலைவர் பதவிக்கு மட்டும் ஆள் நிறுத்தும், இன்னொன்று துணைப் பதவிக்கு மட்டும். ஒரே கட்சி இரண்டுக்கும் நிறுத்தினால்தானே சட்டம்? துணைப் பதவியில்கூடப் பெண்கள் குறைந்தார்கள். இந்த வித்தை உங்கள் வரைபடத்தில் எந்த நிறத்தில் இருக்கிறது?

ருவாண்டாவைப் புகழ்ந்திருக்கிறீர்கள். சரி, 2008-லேயே நாடாளுமன்றத்தில் பெண்கள் பாதிக்கு மேல், யாரும் மறுக்க முடியாது. ஆனால் 2017-ல் அதிபர் பதவிக்குப் போட்டியிட வந்த டயான் ருவிகாரா என்ற பெண்ணின் மனு தள்ளுபடியானதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆதரவுக் கையெழுத்துகள் போலி என்றார்கள், கைது செய்தார்கள். குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது 2018 டிசம்பரில். அதற்குள் தேர்தல் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இடமும் உண்டு, எண்ணிக்கையும் உண்டு, எதிர்த்து நிற்க மட்டும் வழியில்லை என்றால் அதற்கு என்ன பெயர்?

அப்புறம், 'முதிர்ந்த ஜனநாயகங்களிடம் பாடம் கற்க வேண்டும்' என்றும் ஒரு வரி. சுவிட்சர்லாந்தில் பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை கிடைத்தது 1971-ல். அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற மாநிலத்தில் 1990-ல் நீதிமன்றம் தலையிட்ட பிறகே மாநில விவகாரங்களில் பெண்கள் ஓட்டுப் போட முடிந்தது. ரொம்பவும் நிதானமாக முதிர்ந்திருக்கிறார்கள்.

கடைசியாக என் சொந்த வழக்கு. சென்ற ஆண்டு, வாங்கிய வாக்கு விகிதப்படி கட்சிகளுக்கு இடம் தரும் விகிதாசாரத் தேர்தல் முறை பற்றி உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதை 'மகளிர் பக்க'த்தில், முடி உதிர்வதற்கான குறிப்புக்குக் கீழே போட்டீர்கள். நான் எழுதாத 'திருமதி'யைச் சேர்த்தீர்கள். தொகுதி எல்லை பற்றிய பத்தியை இடமில்லை என்று வெட்டினீர்கள் போலும். குறிப்புக்குப் படத்தோடு இடம் இருந்தது.

எனவே தங்களிடம் கேட்பது இரண்டே. இந்தக் கடிதத்தை மற்றவர்கள் கடிதம் வரும் பக்கத்தில் போடுங்கள். கீழே சந்தாதாரர் என்று எழுதியிருக்கிறேன், அதை 'வாசகி ஒருவர்' என்று மாற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
22 ஆண்டுகளாக உங்கள் சந்தாதாரர்