கேரளத்தில் மழை பெய்யாத பக்கமும் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய மாநிலங்களின் நிலம், தட்பவெப்பம், தொழில்கள் பற்றி நீங்கள் வெளியிட்டுவரும் தொடரில் சென்ற இதழில் கேரளம் வந்திருந்தது. ஆலப்புழைக் கயிறு, கொல்லத்து முந்திரி, கோட்டயத்து ரப்பர், மூணாறு தேயிலை என்று சொல்லவேண்டியதைச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் கேரளம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெறும் பசுமை நிலம் என்று ஒரே வரியில் தட்பவெப்பத்தை முடித்துவிட்டீர்கள். கோடையில் டேங்கர் லாரியை எதிர்பார்த்துத் தெருவில் குடத்தை வரிசை வைக்கும் ஊர்க்காரனுக்கு அந்த வரியைப் படித்தால் சிரிப்புத்தான் வரும். எங்கள் ஊரும் கேரளம்தான்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியைத்தான் சொல்கிறேன். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி, ஒழலப்பதி, வேலந்தாவளம். வீட்டிலும் சந்தையிலும் தமிழ் பேசுகிற ஊர்கள். வேலந்தாவளத்தில் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம் வந்துவிடும்.

தென்மேற்குப் பருவமழைக்கு ஒரு மலை வேண்டும். மேகம் மலையில் முட்டி மேலே ஏறினால்தான் கொட்டும். மேற்குத் தொடர்ச்சி மலை கேரளத்துக்குச் செய்கிற உபகாரமே அதுதான். அந்த மலைத்தொடரில் உள்ள பெரிய இடைவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்த வாசல். தெற்கே நெல்லியாம்பதி மலை தன் பங்கு மழையை வாங்கிக்கொள்கிறது, எங்களுக்குக் காற்று மட்டும் வந்து சேர்கிறது. ஆனி, ஆடியில் வீசும் மேல்காற்றில் கூரை ஓடு நிற்காது. மார்கழி, தையில் அதே வாசல் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று திரும்பி வரும். அந்த மாதங்களில் உதடு வெடிக்காத ஆள் இங்கே கிடையாது. வெயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2016 ஏப்ரலில் மலம்புழாவில் 41.9 டிகிரி பதிவானது. பசுமை நிலத்துக் கணக்கில் இதை எங்கே சேர்ப்பது?

நாங்கள் மட்டும் விதிவிலக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நீங்கள் படம் போட்டிருந்த மூணாறிலிருந்து மறையூர் வழியாக உடுமலைப்பேட்டைக்கு இறங்கிப் பாருங்கள். தேயிலை முடிந்து, சந்தனக் காடு வந்து, சின்னாறு போய்ச் சேரும்போது முள்மரக் காடுதான். அங்கே ஆண்டு மழை சுமார் 500 மில்லிமீட்டர். அட்டப்பாடியின் கிழக்குப் பகுதியும் அப்படித்தான். இந்தச் சராசரிக் கணக்கு இருக்கிறதே, அது எங்கள் குடத்தையும் நிரப்பிக் காட்டிவிடும்.

மண்ணும் வேறு. கேரளம் என்றால் செம்புறை மண் என்று பாடப்புத்தகம் சொல்லும். எங்கள் பக்கம் கறுப்பு மண். முன்பு கடலையும் பருத்தியும் சோளமும் விளைந்த காடுகள் இப்போது பெரும்பாலும் தென்னந்தோப்பு. கொஞ்சம் தெற்கே முதலமடையில் மாந்தோப்புகள். அங்கே மாமரம் சீக்கிரமே பூத்து, நாட்டின் மற்ற இடங்களில் காய் பிடிக்கும் முன்பே பழம் சந்தைக்குப் போய்விடும். ஜனவரி, பிப்ரவரியிலேயே வடநாட்டுக்கு லாரி ஏறுகிறது. மழை குறைவு என்பதில் எங்களுக்கு இருக்கும் ஒரே லாபம் அது.

தண்ணீர் விஷயத்தில் முல்லைப் பெரியாறுக்கு ஒரு பத்தி ஒதுக்கிய நீங்கள், பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தை விட்டுவிட்டீர்கள். பரம்பிக்குளம் அணை இருப்பது கேரளக் காட்டில், அதை இயக்குவது தமிழ்நாடு. அந்தத் தண்ணீர் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து வயல்களுக்குப் போகிறது. பதிலுக்கு ஆழியாறு வழியாக மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. எங்களுக்கு வரவேண்டும். 1970இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் முதலே நடப்புக்கு வந்ததாகக் கணக்கு வைத்த ஒப்பந்தம் அது. மூலத்தறை ஒழுங்கியில் (மதகு வைத்த தடுப்பணை) அந்தத் தண்ணீரைப் பிரித்துத்தான் சித்தூர்ப் பகுதி நெல் விளைகிறது. கோடை வந்தால் எங்கள் பங்கு வரவில்லை என்று இங்கே மறியல், தண்ணீரைத் திறக்காதே என்று அங்கே மறியல். இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பவர்களில் மாமன் மச்சான்கள் உண்டு. இதில் யார் பக்கம் நியாயம் என்று நான் எழுதினால் பொங்கலுக்கு யார் வீட்டுக்கும் போகமுடியாது.

தொழிலுக்கு வருகிறேன். மழையும் மண்ணும் காற்றும் மாநில எல்லையைப் பார்ப்பதில்லை, தொழில் மட்டும் எல்லையைப் பார்க்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே தென்னைதான். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை என்பதால் அங்கே இளநீர், கொப்பரை, தென்னை நார். இங்கே பாளை சீவிக் கள் இறக்குகிறார்கள். சித்தூர் தோப்புகளிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் வண்டிகள்தான் கேரளத்தின் பல மாவட்டக் கள்ளுக்கடைகளை நிரப்புகின்றன. கேரளத் தொழில்களின் பட்டியலில் இதற்கு ஒரு வரிகூடவா கிடையாது?

எங்கள் மாவட்டத்துத் தொழிற்பேட்டையான கஞ்சிக்கோடும் உங்கள் கட்டுரையில் இல்லை. கேரளத்தில் சமதளமாக, பெரிய அளவில் நிலம் கிடைப்பது அபூர்வம். கணவாய்க்குள் அது கிடைத்தது, கூடவே தேசிய நெடுஞ்சாலை, முக்கிய ரயில் பாதை, எதிரே கோயம்புத்தூர். பொதுத்துறையில் தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஐ.டி.ஐ., கனரக வாகனங்கள் செய்யும் பெமல், ஆலைகளுக்கான கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்யும் இன்ஸ்ட்ருமென்டேஷன் எல்லாம் இங்கே ஆலை வைத்தன. கேரளத்தில் மின்கட்டணம் குறைவாக இருந்த காலத்தில் இரும்பு உருக்கும் ஆலைகளும் வந்தன. வாளையாறில் சுண்ணாம்புக்கல் இருப்பதால் மலபார் சிமென்ட்ஸ் 1984 முதல் அங்கே இயங்குகிறது. எங்கள் ஓட்டைப் பெயர்க்கும் அதே காற்றை நம்பித்தான் கேரள மின்வாரியம் கஞ்சிக்கோட்டில் தலா 225 கிலோவாட் கொண்ட 9 காற்றாலைகளை நிறுத்தியது.

தண்ணீர் இல்லாத ஊரில் தண்ணீரையே மூலப்பொருளாகக் கொண்ட ஆலை வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் எங்கள் தாலுகாதான் உதாரணம். பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000இல் தொடங்கிய பன்னாட்டுக் குளிர்பான ஆலை, மயிலம்மா முன்னின்ற பழங்குடி மக்களின் போராட்டத்துக்குப் பின் 2004இல் நின்றுபோனது. மழை 3000 மில்லிமீட்டர் என்று மட்டும் படித்த மாணவனுக்கு அந்தப் போராட்டம் ஏன் நடந்தது என்றே புரியாது.

அடுத்து ஆந்திரா என்று அறிவித்திருக்கிறீர்கள். கடற்கரையையும் கோதாவரி, கிருஷ்ணா டெல்டாக்களையும் வைத்து அந்த மாநிலத்தையும் நெற்களஞ்சியம் என்று முடித்துவிடாதீர்கள். அனந்தப்பூரில் ஆண்டு மழை சுமார் 550 மில்லிமீட்டர்தான். எங்கள் தாலுகாவின் பெயரையே கொண்ட ஆந்திரத்துச் சித்தூரிலும் நம் தமிழர்கள் இருக்கிறார்கள், நகரியில் விசைத்தறி ஓட்டுகிறார்கள். மாநிலத்தை மூன்று நான்கு பகுதிகளாகப் பிரித்து எழுதினால் இரண்டு பக்கம் கூடும், கூடட்டும்.

இன்னொன்று. கட்டுரையோடு வந்த வரைபடத்தில் கேரளத்து ஆறுகள் எல்லாமே மேற்கே அம்புக்குறி போட்டு அரபிக்கடலில் விழுகின்றன. 44 ஆறுகளில் 41தான் அப்படி. கபினி, பவானி, பாம்பாறு மூன்றும் கிழக்கே ஓடிக் காவிரியோடு சேர்பவை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உங்கள் தொடரை வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கிறார்கள். அடுத்த இதழிலேயே திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.