சின்ன டிராக்டருக்கு எடை குறைந்த ஃபோர்க் போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சின்ன டிராக்டரின் முன்னால் பாரம் தூக்கும் லோடருக்கு ஃபோர்க் (பாரத்துக்கு அடியில் நுழையும் இரண்டு நீளக் கைகள்) வேண்டும் என்று பட்டறையில் போய்க் கேட்டால், கெட்டியாக இருக்கட்டும் என்று 40 மி.மீ. கனத்தில் இரும்புப் பட்டையை எடுத்து அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். வாங்குகிறவருக்கும் அதுதான் திருப்தி. ஆனால் லோடர் எவ்வளவு தூக்கும் என்று புத்தகத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் லோடர் கையின் முனையில் கருவியை மாட்டும் முளையில் (பின்) அளந்த கணக்கு. அங்கே 400 கிலோ என்றால், 130 கிலோ ஃபோர்க்கை மாட்டியவுடன் மிச்சம் 270. பாரம் அந்த முளைக்கு அரை மீட்டருக்கும் மேல் முன்னால் தள்ளி உட்கார்வதால் அதிலும் ஒரு பங்கு போய்விடும். பெரிய வண்டிக்கு இந்த நஷ்டம் தெரியாது, சின்ன வண்டிக்கு இதுவே பாதி வேலை.

அதனால் சொல்கிறேன், பட்டையை விட்டுவிட்டுச் செவ்வகப் பைப்புக்கு வாருங்கள். 100 × 40 மி.மீ. பட்டை மீட்டருக்கு 31 கிலோ. 80 × 40 அளவில் 4 மி.மீ. கனமுள்ள பைப் 7 கிலோதான். எடை நாலில் ஒரு பங்குக்கும் குறைவு, ஆனால் 80 பக்கம் நிற்கிற மாதிரி வைத்தால் வளைவைத் தாங்கும் திறனில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கிறது. படுக்க வைத்தால் அது பெரிதும் குறையும், பட்டறையில் இதைச் சொல்லியே கொடுங்கள். ஐரோப்பிய அளவுப் பேலட்டில் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) ஃபோர்க் நுழையும் உயரம் 100 மி.மீ., ஆகவே 80 தாராளமாகப் போகும். நுனியை மட்டும் அடிப்பக்கம் சரித்து வெட்டி மூடிவிட வேண்டும்.

தாங்குமா என்று கேட்பார்கள். 300 கிலோவை இரண்டு கைகளும் சமமாக வாங்கி, பாரத்தின் மையம் மடக்கிலிருந்து (கையும் நிமிர்ந்த காலும் சேரும் இடம்) அரை மீட்டரில் இருந்தால், பைப்பில் ஏறும் அழுத்தம் சதுர மி.மீ.க்கு சுமார் 41 நியூட்டன். சாதா மைல்டு ஸ்டீல் 250 வரை நிரந்தரமாக வளையாது. ஒரே கை மொத்தப் பாரத்தையும் வாங்கி, மேடு பள்ளத்தில் குலுங்கி அது இன்னும் இரட்டித்தாலும் 165தான் வருகிறது.

இது பைப்புக்கான கணக்கு, வெல்டிங்குக்கானது இல்லை. அந்த மடக்கில்தான் எல்லாம் உடையும். பாரம் ஏறும்போது கையின் மேல்முகம் இழுபடுகிறது, அந்த முகத்தில் குறுக்கே ஒரே ஒரு வெல்டை மட்டும் ஓட்டி நிறுத்தினால் விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் தகடு வைத்து, அந்தத் தகட்டின் ஓரங்களைச் சரிவாக வெட்டி, வெல்டை நீளவாக்கில் ஓட்ட வேண்டும். துத்தநாகம் (ஜிங்க்) பூசிய பைப்பாக இருந்தால் வெல்டு வைக்கும் இடத்தில் பூச்சை முழுக்கத் தேய்த்து எடுத்துவிடுங்கள், அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். லோடரில் மாட்டும் தகட்டில் மட்டும் எடையை மிச்சம் பிடிக்காதீர்கள். சாய்ந்த பாரம் ஓட்டுநர் மேல் உருளாமல் இருக்கப் பின்னால் ஒரு தடுப்புச் சட்டமும் அவசியம். இவ்வளவும் சேர்த்தே 60 கிலோவை ஒட்டி முடித்துவிடலாம்.

பக்கெட் உதட்டில் கவ்வி மாட்டும் ஃபோர்க் வேண்டவே வேண்டாம் என்பேன். கழற்றாத பக்கெட்டின் எடையும் சேரும், பாரமும் இன்னும் முன்னால் போகும், உதடும் வளையும். பழைய ஃபோர்க்லிஃப்ட் கைகளை வாங்கி அவற்றின் மேல் வெல்டு வைப்பதும் தப்பு. அவை வெப்பப் பதம் ஏற்றிய உலோகம், சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும்.

பைப் ஃபோர்க்குக்கு ஒரு குணம் உண்டு. பட்டை மெல்ல மெல்ல வளைந்து எச்சரிக்கும், பைப் ஓரளவுக்குப் பிறகு சுவர் நசுங்கி ஒரேயடியாக மடங்கும். அதனால் நுனியைக் குத்தி வேரைப் பிடுங்குவது, பாறையை நெம்புவது எல்லாம் கூடாது. நெம்பும்போது வேலை செய்கிற, லோடரின் சாய்க்கும் விசை பொதுவாகத் தூக்கும் விசையைவிட அதிகம். முதல் முறை பாரம் ஏற்றும்போது தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி வைத்திருந்து, இறக்கிய பிறகு மடக்கிலிருந்து நுனி வரை நூல் பிடித்துப் பாருங்கள். அப்புறம் அடிக்கடி வெல்டின் ஓரத்தைத் துடைத்துப் பார்க்க வேண்டும். பெயிண்ட்டில் மயிரிழை போலச் சிவப்புத் துருக் கோடு கசிந்திருந்தால் அது விரிசல், அன்றோடு வேலையை நிறுத்துங்கள்.

ஃபோர்க் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வண்டியின் பின்னால் எடை கட்டாமல் தூக்கக் கூடாது. பெரும்பாலான சின்ன டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில்தான், முன்னால் பாரம் ஏறிப் பின்பக்கம் லேசானால் சரிவில் பிரேக்கும் பிடிக்காது. பாரத்தைத் தாழ்வாக வைத்து ஓட்டுங்கள், கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் சட்டம் உள்ள வண்டி என்றால் பெல்ட் போடுங்கள்.

உங்கள் விவசாயப் பக்கத்தில் இனி எந்த இணைப்புக் கருவியைப் பற்றி எழுதினாலும், அதன் சொந்த எடை எவ்வளவு, தூக்கும் திறனை எந்த இடத்தில் அளந்தார்கள் என்ற இரண்டையும் சேர்த்துப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டிராக்டர் வைத்திருக்கும் ஒரு வாசகர்