எடி ராபின்சனின் 408 வெற்றிகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படும் அமெரிக்கக் கால்பந்தின் (முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம்) பயிற்சியாளர்களைப் பற்றிப் பேசும்போது, இன்றைய கிராம்ப்ளிங் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1941இல் பொறுப்பேற்று 1997 வரை அங்கேயே பணியாற்றிய எடி ராபின்சனை விட்டுவிடுவது பெருங்குறையாகும். தென்மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களுக்குக் கதவடைத்திருந்த காலத்தில், ஆடுகளத்தின் புல்லை வெட்டுவது முதல் வீரர்களின் கணுக்காலுக்குக் கட்டுப்போடுவது வரை தாமே செய்து, லூசியானாவின் ஒரு சிற்றூரில் அணியை வளர்த்தவர் அவர். 1942இல் அந்த அணி, ஆடிய 9 ஆட்டங்களிலும் எதிரணிகளுக்கு ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் வென்றது. அவரிடம் பயின்ற 200க்கும் மேற்பட்டோர் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றதையே, பயிற்சியாளராக அவர் பெற்ற 408 வெற்றிகளைவிடப் பெரிதாக எண்ணுகிறேன். அவர்களுள் ஒருவரான டக் வில்லியம்ஸ், தொழில்முறை ஆட்டத்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில், 1988இல், தம் அணியை வெற்றிக்கு வழிநடத்திய முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் (அணியின் தாக்குதலை நடத்தும் வீரர்) ஆனார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்