கீழ்மட்டக் கரும்பலகைகளை அழித்துவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுத் தொடக்கப் பள்ளிகளின் வகுப்பறைகள் புதுப்பிக்கப்பட்டு, திறன்பலகைகள் பொருத்தப்பட்டுவரும் இந்நாள்களில், அந்த நல்ல பணியின் ஊடே எவர் கண்ணிலும் படாமல் மறைந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பற்றித் தங்கள் நாளிதழ் வழியாகப் பேச விரும்புகிறேன். வகுப்பறைச் சுவரின் அடிப்பகுதியில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தொடங்கி மூன்றரை அடி வரை, ஆசிரியருக்காக அல்லாமல் குழந்தைகளுக்காகவே அமைக்கப்பட்ட கீழ்மட்டக் கரும்பலகையைத்தான் சொல்கிறேன்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஆசிரியராகவும் தலைமை ஆசிரியராகவும் பணியாற்றி, 2022 மே மாதம் ஓய்வுபெற்றவன். அண்மையில் என் பேத்தியைச் சேர்ப்பதற்காக ஒரு பள்ளிக்குச் சென்றிருந்தேன். வகுப்பறை பளிச்சென்று இருந்தது. தரையில் புதிய ஓடுகள் பதித்திருந்தார்கள்; சுவரெங்கும் யானையும் மயிலும் தொடர்வண்டியும் அழகாக வரையப்பட்டிருந்தன. ஆனால் மூன்று பக்கமும் ஓடிக்கொண்டிருந்த கீழ்மட்டக் கரும்பலகை இருந்த இடத்தில் எண்ணெய் வண்ணம் பூசப்பட்டிருந்தது. யார் அழிக்கச் சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, பராமரிப்புப் பணிக்கான மதிப்பீட்டில் அது இடம்பெறவில்லை, ஆகவே வண்ணம் பூச வந்தவர்கள் சுவர் முழுவதும் பூசிவிட்டார்கள் என்றார்கள். அதன் பிறகு நான் பார்த்த வேறு சில பள்ளிகளிலும் ஏறத்தாழ இதே நிலைதான். சிலவற்றில் கரும்பலகை இருக்கிறது, ஆனால் அதன் முன்னே இரும்பு அலமாரிகள் வரிசையாக நிற்கின்றன.

இந்தப் பலகை எப்படி நம் பள்ளிகளுக்கு வந்தது என்பதை இளைய ஆசிரியர்களில் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலியில், சிற்றூர்ப் பள்ளிகளுக்கென உருவாக்கப்பட்டிருந்த அட்டைவழிக் கற்றல் முறையை நேரில் கண்டறிந்து, 2003-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றலாகத் தொடங்கினார்கள். 2007-08 கல்வியாண்டில் அது மாநிலம் முழுவதும் பரவியது. குழந்தை கடக்க வேண்டிய படிகளை வரிசையாகக் காட்டும் கற்றல் ஏணி, பாட அட்டைகள், குழந்தைகளின் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல், தரையில் விரித்த பாய், குழந்தையே பதியும் சுயவருகைப் பதிவேடு ஆகியவற்றோடு கீழ்மட்டக் கரும்பலகையும் வந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஏறத்தாழ இரண்டடி அகலம் ஒதுக்கி, மேலே அதன் பெயரையோ எண்ணையோ எழுதிவைப்போம். பள்ளிக்கூடத்தில் தனக்கென்று ஓர் இடம் இருக்கிறது என்ற உணர்வு ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்த இரண்டடிச் சுவரில் கிடைத்தது.

அதன் பயன் வெறும் எழுதுமிடம் என்பதோடு நிற்பதில்லை. ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தையின் விரல்கள் எழுதுகோலைப் பிடிக்கும் பக்குவத்தை இன்னும் பெற்றிருப்பதில்லை. இரட்டைக்கோட்டு ஏட்டைக் கையில் கொடுத்தால் அது எழுதுகோலை இறுக்கிப் பிடிக்கிறது, தாள் கிழிகிறது, கோட்டுக்குள் அடங்காத எழுத்தைப் பார்த்துத் தானே சோர்ந்துபோகிறது. சுவரின் முன் நின்று எழுதும்போதோ முதலில் தோளும் முழங்கையும் அசைகின்றன. பெரிதாக வரைந்து பழகிய பிறகு மணிக்கட்டும் விரல்களும் தாமாகவே அடங்கிவருகின்றன. முன்னோர் திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி, விரலால் எழுத வைத்ததிலும் இந்த அறிவு இருந்தது என்றே நான் எண்ணுகிறேன். ‘ட’ என்பது இரண்டு நேர்க்கோடுகள், ‘ப’ என்பது மூன்று, அதோடு ஒரு வளைவைச் சேர்த்தால் ‘ம’. இந்த மூன்றையும் சுவரில் பெரிதாக எழுதத் தெரிந்து, புள்ளி வைக்கவும் கற்றுக்கொண்ட குழந்தை படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்களையே எழுதிவிடும். சுழியும் வளைவும் மிகுந்த ‘இ’, ‘ஞ’, ‘ழ’ ஆகியவற்றுக்கு அதன் கை அதற்குப் பின்னரே ஆயத்தமாகிறது.

ஆசிரியருக்குக் கிடைக்கும் பயன் இதைவிடப் பெரிது. ஏட்டில் எழுதியதை மாலையில் வாங்கிப் பார்க்கும்போது நமக்குத் தெரிவது முடிவு மட்டுமே. எழுத்து எந்த வழியாக வந்தது என்பது தெரிவதில்லை. ‘தேன்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியில் தகரம் முதலில் வருகிறது, எழுத்திலோ இரட்டைக்கொம்பு முதலில் வருகிறது. ஆகவே பல குழந்தைகள் ‘த’ என்று எழுதிவிட்டு, பிறகு இடப்புறம் திரும்பி, கிடைத்த இடுக்கில் கொம்பைச் செருகுகிறார்கள். ஏட்டில் பார்த்தால் எழுத்து சரியாகவே இருக்கும். கொம்பு எப்போது போடப்படுகிறது என்பதை அந்தக் குழந்தை எழுதிக்கொண்டிருக்கும்போது பார்த்தவருக்குத்தான், ‘கொ’, ‘தோ’ போன்ற எழுத்துகளில் அது ஏன் தடுமாறப்போகிறது என்பது முன்கூட்டியே புரியும். இருபது குழந்தைகள் சுவரோரம் நின்று எழுதும்போது, வகுப்பின் நடுவில் நின்று ஒரு முறை சுற்றிப் பார்த்தாலே யார் ‘பள்ளி’யைப் ‘பல்லி’ என்று எழுதுகிறார், யார் மூன்று சுழிக்கு இரண்டு சுழி போடுகிறார் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடுகின்றன. தவறைத் திருத்தச் சிவப்பு மையும் தேவையில்லை. குழந்தை தன் கையாலேயே அழித்துவிட்டு மீண்டும் எழுதுகிறது, தவறு அங்கே தங்குவதில்லை.

கணக்கிலும் அப்படியே. 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 35 என்று விடை எழுதும் குழந்தைகள் ஒவ்வோர் ஆண்டும் வருவார்கள். ஐந்து கட்டுக் குச்சிகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் சுவரில் வரையச் சொல்வேன். ஏழு குச்சிகளை எடுக்க வேண்டும், இரண்டுதான் இருக்கிறது என்றதும் குழந்தை திகைத்து நிற்கும். பிறகு ஒரு கட்டை அழித்து, அதே இடத்தில் பத்துக் குச்சிகளை வரையும். கடன் வாங்குதல் என்று நாம் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுப்பதை அது தன் கையால் பிரித்துப் பார்த்துவிடுகிறது.

இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளை நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சுவர் இன்னும் இன்றியமையாதது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 மாணவர்கள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களே. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளோடு ஒருவர் பாயில் அமர்ந்திருக்கும்போது, இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் சுவரில் வேலை செய்துகொண்டிருந்தால், இருந்த இடத்திலிருந்தே அவர்களையும் அவரால் பார்த்துக்கொள்ள முடியும். பக்கத்தில் நிற்கும் அக்கா எழுதுவதைப் பார்த்துச் சிறியவர் கற்பதும், தம்பியின் தவறை அண்ணன் திருத்துவதும் அங்கே இயல்பாக நடக்கும்.

ஒரு சிறுவனை என்னால் மறக்க முடியவில்லை. ஆடு மேய்க்கும் குடும்பத்திலிருந்து வந்தவன், மூன்று வாரங்கள் வாயே திறக்கவில்லை, எழுதுகோலையும் தொடவில்லை. ஒரு நாள் சுண்ணக்கட்டியை எடுத்துத் தன் இரண்டடிச் சுவரில் ஆடுகளை வரிசையாக வரைந்தான். எத்தனை என்று கேட்டேன். பதினான்கு என்றான். அதுதான் பள்ளியில் அவன் பேசிய முதல் சொல். 14 என்று எழுதிக் காட்டியதும் ஒவ்வோர் ஆட்டின் கீழும் எண் போடத் தொடங்கினான். அச்சிட்ட பயிற்சி நூலில் அவனுடைய ஆடுகளுக்கு இடம் இருந்திருக்காது.

என் பணிக்காலத்தின் கடைசி ஆண்டில் இந்தப் பலகை எனக்குச் செய்த உதவியையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. ஒன்றாம் வகுப்பில் பெயர் மட்டும் பதிந்து, ஒரு நாள்கூட வகுப்பறையில் அமராத குழந்தைகள் நேரே இரண்டாம் வகுப்புக்கு வந்தார்கள். கையில் இரண்டாம் வகுப்புப் பாடநூல், ஆனால் எழுத்து ஒன்றும் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் அழுத குழந்தைகள் சுவரின் முன் நின்றால் அழவில்லை. அந்த ஆறேழு மாதங்களில் நான் செய்த வேலையில் பெரும்பகுதி சுவரில்தான் நடந்தது.

செயல்வழிக் கற்றலில் குறைகளே இல்லை என்று நான் வாதாடவில்லை. அட்டைகள் தொலைந்துபோகும், கிழிந்துபோகும். உரிய அட்டையைத் தேடுவதிலேயே நேரம் கழிந்த நாள்கள் உண்டு. ஏணியில் பின்தங்கிய குழந்தை தனியே விடப்பட்டதும் உண்டு. அம்முறை மாற்றப்பட்டதற்குக் காரணங்கள் இருந்தன. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாடலும் கதையும் பொம்மலாட்டமும் வகுப்பறைக்குள் வந்திருப்பதையும், அரும்பு, மொட்டு, மலர் என நிலைகளைப் பிரித்துக் குழந்தையின் தரத்துக்கேற்பக் கற்பிப்பதையும் மனமார வரவேற்கிறேன். திறன்பலகையையும் நான் எதிர்க்கவில்லை. கடலையே காணாத குழந்தைக்குத் திமிங்கிலத்தைக் காட்ட அதைவிடச் சிறந்த கருவி இல்லை. ஆயினும் திறன்பலகையில் ஒரு நேரத்தில் ஒருவரோ இருவரோதான் எழுத முடியும், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பயிற்சி நூலிலோ நிரப்பப்பட்ட பக்கம்தான் கணக்கில் வருகிறது. பக்கத்தை நிரப்ப வேண்டும் என்ற அவசரத்தில், முன்பக்கத்தில் இருப்பதைப் பார்த்துப் பின்பக்கத்தில் எழுதிவிடும் குழந்தைகளை இப்போது அடிக்கடி காண்கிறேன். இவ்விரண்டுக்கும் இடையில் குழந்தை தவறு செய்து பார்ப்பதற்கான இடமாக அந்தச் சுவர் இருக்க வேண்டும்.

சுண்ணக்கட்டித் தூசியைச் சிலர் காரணமாகச் சொல்கிறார்கள். அது உண்மையான கவலைதான். ஈரத்துணியால் துடைக்கப் பழக்கினால் தூசி பெருமளவு குறைந்துவிடும். எங்கள் பள்ளியில் ஆளுக்கொரு பழந்துணித் துண்டை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தோம்.

பள்ளிக் கல்வித் துறையையும், ஒன்றியப் பள்ளிக் கட்டடங்களைப் பராமரிக்கும் ஊரக வளர்ச்சித் துறையின் பொறியியல் பிரிவையும் நான் வேண்டுவது இதுதான்: ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான எந்த வகுப்பறையைப் புதுப்பித்தாலும், புதிதாகக் கட்டினாலும், அதற்கான மதிப்பீட்டிலேயே கீழ்மட்டக் கரும்பலகையைச் சேர்த்துவிட வேண்டும். ஏற்கெனவே உள்ள பலகைகளுக்கு ஆண்டுதோறும் பள்ளி திறப்பதற்கு முன் கரும்பலகை வண்ணம் பூச வேண்டும். 31 முதல் 100 மாணவர்கள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் என்று வகுக்கப்பட்டுள்ள பள்ளி மானியத்தில், அது உரிய காலத்தில் வந்துசேருமானால், இந்தச் செலவு ஒரு பொருட்டே அன்று. அலமாரிகளைப் பின்சுவருக்கு நகர்த்துவதற்கு அரசாணை எதுவும் வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர் ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தீர்மானித்தால் போதும்.

நான் முதலில் குறிப்பிட்ட பள்ளியில் இன்னும் ஒரு வகுப்பறை புதுப்பிக்கப்படாமல் இருக்கிறது. அதன் கதவோரம் நான்கடி நீளத்துக்குப் பழைய கரும்பலகை மிஞ்சியிருக்கிறது. இடைவேளையில் சில குழந்தைகள் யாரும் சொல்லாமலே அங்கே போய் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அந்த அறைக்கான மதிப்பீடு இனிமேல்தான் தயாராகப்போகிறது என்று அறிகிறேன். அதிலாவது கீழ்மட்டக் கரும்பலகைக்கு ஒரு வரி இடம்பெறச் செய்யுமாறு உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர்,
புதுக்கோட்டை மாவட்டம்.