உயிரணுவியல் மேற்படிப்பில் அடிப்படை ஆய்வு குறையக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உயிரணுவியல் முதுநிலைப் படிப்பில் உடனடிப் பயன்பாடுள்ள பாடங்களை மட்டும் பெருக்கி, அடிப்படை ஆய்வுக்கான நேரத்தைக் குறைப்பது சரியல்ல. ஈஸ்ட்டிலும் கடல் முள்ளெலியின் முட்டையிலும் உயிரணு எவ்வாறு பிரிகிறது என்று ஆராய்ந்த ஹார்ட்வெல், நர்ஸ், ஹன்ட் ஆகிய விஞ்ஞானிகளுக்கு 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆய்வுகள் வெளிப்படுத்திய நொதிக் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டைத் தடுக்கும் பால்போசிக்லிப் என்ற மருந்து, 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் பயன்படுகிறது. ஈஸ்ட்டை ஆராய்ந்து என்ன லாபம் என்று அன்றே கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால், இம்மருந்துக்கு வழி பிறந்திருக்குமா?

செய்முறைப் பயிற்சி குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வகங்களில் வளர்க்கப்பட்ட பல மனித உயிரணு வரிசைகள் (ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து பெருக்கப்படும் உயிரணுக்கள்), உண்மையில் 1951இல் ஒரு புற்றுநோயாளியிடமிருந்து எடுக்கப்பட்ட ஹீலா உயிரணுக்களே என்பதை 1966இல் மரபியலாளர் கார்ட்லர் சுட்டிக்காட்டினார். இத்தகைய கலப்படம் இன்றும் முற்றிலும் ஒழியவில்லை. தவறான உயிரணுவில் செய்த ஆய்வு, எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும். எனவே டிஎன்ஏ அடையாளச் சோதனையையும் உயிரணு வளர்ப்பில் புகும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்கான தொற்றுச் சோதனையையும் ஒவ்வொரு மாணவரும் தம் கையாலேயே செய்து பழகும்படி பல்கலைக்கழகங்கள் பாடத்திட்டத்தில் கட்டாயமாக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்